நகராத முள்

போன வாரம் அக்காவை எந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தோமோ, இந்த வாரமும் அதே இடத்தில்தான் நிற்கிறாள். கணவரின் தராசுப் பட்டறையில், ஆளை நிறுக்கும் மேடையின் மேல், செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

முள்ளும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

"மூச்சைப் பிடிச்சா எடை குறையாது," என்றார் அவர், மேஜையிலிருந்து தலையைத் தூக்காமலே.

"தெரியும். விட்டுப் பார்த்தேன், குறையல. அதான் பிடிச்சுப் பார்க்கிறேன்."

"இறங்கும்மா."

"இந்த மேடை சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"நேத்தும் சரியாத்தான் இருந்துச்சு."

அக்கா கீழே இறங்கினாள். சந்தேகப்பட வழியே இல்லை. போன வாரம் அவளே முன்னால் நின்று, இரும்புப் படிக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றச் சொல்லி, முள் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டாள். மேடையில் குற்றம் இல்லை. தவிர, தராசுக்காரர் பொய் சொல்ல மாட்டார். கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொஞ்சம் முள்ளைத் தள்ளி வையுங்கள் என்று சொன்ன கடைக்காரர்களின் தராசை அக்கக்காகக் கழற்றிய நிலையில் அப்படியே மேஜையில் போட்டுவிட்டு வந்த மனிதர் அவர்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. அக்காவுக்கு ஒரே தம்பி. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் வேலையை விட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி மிஷின்தான் அவனுக்காக ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. அக்காவின் கணவர், அவனுக்கு மாமா, அவர்தான் முதலில் கையைத் தூக்கினார், என்னுடையதை எடுங்கள் என்று. சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்கு எல்லாம் பொருந்தியது, உடம்பின் கனத்தைத் தவிர. இந்த எடைக்குக் கீழே வந்தால்தான் கத்தியை எடுப்பேன் என்று டாக்டர் ஒரு கோடு போட்டுவிட்டார்.

"இவ்வளவுதானே? துணியைப் பிடிச்சுத் தைக்கிற மாதிரி உடம்பையும் பிடிச்சுட்டாப் போச்சு," என்று தையற்காரியான அக்கா அன்றைக்குச் சிரித்தாள். பாதி தூரம் விறுவிறுவென்று வந்தும்விட்டாள். அப்புறம் ஒரு நாள் முள் நின்றது. நின்றது நின்றதுதான்.

மாடியிலிருந்து தம்பி இறங்கி வந்தான். ஒவ்வொரு படிக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு.

"என்னக்கா, டிராஃபிக் நகர்ந்துச்சா?"

"வாயை மூடு."

"ஒருவேளை ஹாண்ட் பிரேக் போட்டுட்டே ஓட்டுறியோ என்னவோ. கத்துக்க வர்றவங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் மறப்பாங்க."

"டேய், காலங்காத்தால எழுந்து தெருத்தெருவா நாய் துரத்துற மாதிரி நடந்துட்டு வந்திருக்கேன். ஒரு கரண்டி ஓட்ஸைக்கூட நிறுக்காம வாயில போடலை. என்கிட்ட பிரேக்கைப் பத்திப் பேசாதே!"

"சரி சரி, ஹாரன் அடிக்காதே. கிளம்பலாம்."

மாமா எழுந்து போய் மச்சானுடைய செருப்பை எடுத்து அவன் கால் பக்கத்தில் வைத்தார்.

* * *

ஆஸ்பத்திரியில் தம்பியை மிஷினோடு சேர்த்துவிட்டு, அக்கா மாடி ஏறினாள். லிஃப்ட் இருந்தது. அது சும்மாதான் இருந்தது. அதைப் பார்த்து முறைத்துவிட்டுப் படியில் ஏறினாள்.

உணவு ஆலோசகர் சின்ன வயதுப் பெண். அக்காவின் ஃபோனை வாங்கி, அவள் தினமும் பதிந்து வைத்திருந்த சாப்பாட்டுக் கணக்கை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"மேடம், இந்தக் கணக்குப்படி பார்த்தா நீங்க இப்ப இருக்கிறதைவிட ஆறு கிலோ குறைவா இருக்கணும்."

"அப்படியா? அப்ப அவளைக் கூட்டிட்டு வாங்க. அவளுக்கே ஆபரேஷன் பண்ணிடலாம்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "தைராய்டு பார்த்தீங்களா?"

"நீங்கதானேம்மா எழுதிக் கொடுத்தீங்க. ஒண்ணும் இல்லைன்னு வந்திருக்கு."

"தூக்கம்?"

"அவன் ரத்தம் முழுக்க வெளியில ஒரு டப்பாவுல சுத்திட்டு வருது. எனக்குத் தூக்கம் எப்படி வரும்?"

"காலையில நடக்கிறீங்க, சரி. அப்புறம் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தா..."

"அதையும் போன தடவை சொல்லிட்டீங்க. இப்ப துணி வெட்டுறது, காஜா எடுக்கிறது எல்லாம் நின்னுக்கிட்டுத்தான். தையல் மிஷினை மட்டும் நின்னுக்கிட்டு மிதிக்க முடியல. அதுக்கும் ஏதாவது வழி இருந்தாச் சொல்லுங்க."

"எண்ணெய்? நிறைய பேர் அங்கதான் ஏமாந்து போவாங்க. கண்ணளவா ஊத்திடுவாங்க."

"எங்க வீட்டுக்காரர் தராசு மெக்கானிக். எங்க வீட்டுல கண்ணளவுங்கிறதே கெட்ட வார்த்தை."

ஆலோசகர் பேனாவை மூடினாள். திறந்தாள். மறுபடியும் மூடினாள். அக்காவுக்குப் புரிந்துவிட்டது, ஏதோ வேண்டாத கேள்வி வருகிறது என்று.

"தப்பா எடுத்துக்காதீங்க. சில பேர் தங்களுக்கே தெரியாம... ராத்திரி எழுந்து... இல்ல, சாப்பிட்டதைப் பதிய மறந்துட்டு..."

"நான் திருடித் தின்கிறேன்னு சொல்றீங்க."

"ஐயோ, அப்படி இல்ல மேடம்!"

"அப்படித்தான். பரவாயில்ல. எங்க தெருவுல எல்லாரும் அதைத்தான் நினைக்கிறாங்க. நீங்க படிச்சவங்க, நயமாச் சொல்றீங்க."

"ஆபரேஷனுக்கு அனுமதி கொடுக்கிற குழு அடுத்த மாசம் கூடுது," என்றாள் அந்தப் பெண், மெதுவாக. "அதுக்குள்ள எடை இறங்க ஆரம்பிச்சிருந்தாலே போதும். இன்னும் கொஞ்ச நாள் கொடுப்பாங்க. இப்படியே அசையாம இருந்தா உங்க பேரை எடுத்துட்டு, உங்க தம்பியைப் பொதுப் பட்டியல்ல கடைசியில சேர்த்துடுவாங்க. அப்புறம் எத்தனை வருஷம் ஆகும்னு என்னால சொல்ல முடியாது. அவர் கையில ரத்தக்குழாய் வேற அடைச்சுக்கிட்டே வருது. உங்களுக்குத் தெரியும்."

தெரியும். அக்கா ஃபோனை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

திரும்பி வரும்போது டாக்சியில் தம்பி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். ஊசி குத்திய கையை மடியில் வைத்திருந்தான், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல.

"அக்கா."

"தூங்குடா."

"குறையலைன்னா விட்டுடு. உன் தப்பில்லை."

"என் உடம்பு, என் வாய், நான் நடக்கிற நடை. அப்புறம் யார் தப்பு? பக்கத்து வீட்டுக்காரி தப்பா?"

"நான் சும்மா சொன்னேன்."

"சும்மா எதுவும் சொல்லாதே. எனக்குக் கெட்ட கோபம் வருது. யார் மேலன்னு தெரியல, அதுதான் இன்னும் கோபமா வருது."

ஓட்டுநர் கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டு, பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார்.

* * *

வீட்டு வாசலில் ஒரு பார்சல் காத்திருந்தது. பட்டன்காரர் அனுப்பியது. ஒரு தொழிற்சாலைச் சீருடைக்கு வேண்டிய நீலப் பட்டன். எண்ணி முடியாது என்று எடை போட்டுத்தான் விற்பார்கள். கால் கிலோ என்று கேட்டிருந்தாள்.

கையில் தூக்கிப் பார்த்தாள். சரியாகத்தான் தோன்றியது. ஆனால் இன்றைக்கு அவள் யாரையும் நம்புகிற மனநிலையில் இல்லை. தம்பியை மாடியில் படுக்க வைத்துவிட்டு, பொட்டலத்தைச் சமையலறைத் தராசில் போட்டாள். தராசுக்காரர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். பட்டறை பூட்டியிருந்தது.

இருநூறு கிராம்.

அக்காவின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து வைத்துக்கொண்டிருந்த கோபத்தை இறக்கி வைக்க ஒரு இடம் கிடைத்துவிட்டது. ஃபோனை எடுத்தாள்.

"என்ன பட்டன்காரரே, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன் அக்கா. சரக்கு வந்துச்சா?"

"முக்கால்வாசி வந்துச்சு. மிச்சம் நடந்து வருதா?"

"என்னக்கா சொல்றீங்க?"

"கால் கிலோன்னு அனுப்பிட்டு, இருநூறு கிராம் போட்டிருக்கீங்களே. பட்டன்ல போய் கை வைக்கலாமா? அதுவும் யாருகிட்ட? தராசுக்காரர் வீட்டுல!"

பட்டன்காரர் வெடித்தார்.

"அக்கா, என்னை என்ன வேணா சொல்லுங்க. என் தராசைச் சொல்லாதீங்க! போன வாரம் உங்க வீட்டுக்காரர்தான் வந்து அதைப் பிரிச்சு, துடைச்சு, கல்லு வச்சுச் சரிபார்த்துட்டுப் போனார். நான்தான் கல்லைப் பார்த்துக்கிட்டே பக்கத்துல நின்னேன். அந்த மனுஷன் கை பட்ட தராசு பொய் சொல்லுமா? நீங்களே சொல்லுங்க!"

"அப்ப எங்க வீட்டுத் தராசு பொய் சொல்லுதாக்கும்?"

"அதை நான் எப்படி அக்கா சொல்ல முடியும்? அதுவும் அவரு தராசுதானே!"

ஃபோனை வைத்த பிறகுதான் அந்த வார்த்தை அக்காவின் காதில் முழுதாக விழுந்தது.

அவரு தராசுதானே.

பூட்டுக்கு மறுசாவி எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பட்டறையைத் திறந்தாள். பித்தளைப் படிக்கற்கள் இருக்கும் மரப்பெட்டியை எடுத்தாள். கைரேகை படக்கூடாது என்று அவர் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். முந்தானையால் பிடித்து ஒன்றைத் தூக்கி, சமையலறைத் தராசில் வைத்தாள்.

குறைவாகக் காட்டியது.

பாட்டரி போயிருக்கும் என்று மாற்றினாள். மறுபடியும் வைத்தாள். அதே குறைவு. சின்னக் கல்லை வைத்தாள். பெரிய கல்லை வைத்தாள். இரண்டையும் சேர்த்து வைத்தாள். எதை வைத்தாலும் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போனது.

அக்கா மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஒரு சட்டையில் கை தவறினால் ஓர் இடத்தில் கோணும், இன்னோர் இடத்தில் சுருங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால், அது கை தவறியது அல்ல. அளவு தெரிந்தவர் வெட்டியது. இத்தனை வருடம் கத்தரி பிடித்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருநூறு என்று நம்பி அவள் நிறுத்த ஓட்ஸ் இருநூற்றைம்பது. ரொட்டியும் அப்படியே. உருளைக்கிழங்கும், பாலாடைக்கட்டியும், பெருமையோடு ஆலோசகரிடம் சொன்ன எண்ணெயும் அப்படியே.

பசியே எடுப்பதில்லையே என்று கொஞ்ச நாளாக ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாள். மனசு திடமாகிவிட்டது என்று தம்பியிடம்கூடப் பீற்றிக்கொண்டாள்.

* * *

தராசுக்காரர் வரும்போது வெயில் இறங்கியிருந்தது. கருவிப் பையை இறக்கி வைத்தார். பட்டறை திறந்திருப்பதைப் பார்த்தார். மேஜை நடுவில் சமையலறைத் தராசு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பக்கத்தில் அக்கா.

"இந்தத் தராசு சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். துடைக்க இன்னும் என்ன இருக்கிறது என்று தேடுவது போல இருந்தது.

"இல்லை," என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"நான் மாத்தின நாளிலேருந்து."

வீட்டுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"தினமும் கேட்டேனே! காலையில மேடையில நின்னுக்கிட்டு, சரியா இருக்கா, சரியா இருக்கான்னு கிளிப்பிள்ளை மாதிரி கேட்டேனே!"

"நீ கேட்டது மேடையை. மேடை சரியாத்தான் இருக்கு."

"அடடா! நீங்க தராசுக்கு வந்திருக்கவே கூடாது. வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்!"

"கத்தாதேம்மா. மேல அவன் தூங்குறான்."

"ஆமா, அவன் மேல ரொம்ப அக்கறை!"

அந்த வார்த்தை அவர்மேல் பட்டது. பட்ட இடம் முகத்தில் தெரிந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இருக்கு," என்றார். "இல்லைன்னு நினைக்காதே. எனக்குச் சர்க்கரை மட்டும் இல்லைன்னா அன்னைக்கே படுத்திருப்பேன். உனக்கே தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"நீ இளைக்க ஆரம்பிச்சே. முதல்ல ஒண்ணும் தோணல. ஒரு நாள் நீ மேடையில நிக்கிறே, முள் அந்தக் கோட்டுப் பக்கமா வருது. நான் இத்தனை வருஷமா முள்ளைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். அன்னைக்குத்தான் ஒரு முள்ளைப் பார்த்துப் பயந்தேன்."

அக்கா பட்டன் பொட்டலத்தை மேஜை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"ஆபரேஷன் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போனா வேற எங்கேயாவது கிட்னி கிடைச்சுடாதான்னு பார்த்தேன். அவ்வளவுதான். நிறுத்தணும்னு நினைக்கல. தள்ளிப்போடணும்னுதான்."

"தெருவே என்னைத் திருட்டுத் தீனிக்காரின்னு சொல்லுது. இன்னைக்கு ஒரு சின்னப் பொண்ணு என் முகத்தைப் பார்த்து அதைக் கேட்குது. எனக்கே என் மேல சந்தேகம் வந்துச்சு, தூக்கத்துல எழுந்து போய்த் தின்கிறேனோன்னு. என் பல்லைக்கூட விளக்கு வெளிச்சத்துல பார்த்தேங்க, ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்கான்னு! நீங்க இந்த மேஜையில உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா."

"ஒரு வார்த்தை, வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

"யார் கேட்டா?" முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "டாக்டர் உன்னைக் கேட்டார். உன் தம்பி உன்னைக் கேட்டான், அழுதுகிட்டே கேட்டான். நீ சரின்னே. நான் பக்கத்துலதான் நின்னேன், கோட் மாட்டுற ஸ்டாண்ட் மாதிரி. என்னை யாரும் கேட்கல. நீயும் கேட்கல."

"கேட்டிருந்தா?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"அதனாலதான் கேட்கல."

இரண்டு பேரும் அந்தத் தராசையே பார்த்தார்கள். அது தன் பாட்டுக்குச் சைபரைக் காட்டிக்கொண்டிருந்தது.

"சரி பண்ணுங்க," என்றாள் அக்கா. "இப்பவே. என் கண்ணு முன்னால."

அவர் தராசைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்தார். "இப்படிப் பிடிச்சா, அரைக் கிலோவை வைன்னு கேட்கும். அதைக் கத்துக்கிட்டுத்தான் மத்ததையெல்லாம் நிறுக்கும். அன்னைக்கு நான் கூடுதலா வச்சேன். அதுதான் அரைக் கிலோன்னு அது நம்பிடுச்சு."

"நானும்தான்."

அவருடைய கை ஒரு வினாடி நின்றது. பிறகு துணியால் பிடித்து, சரியான கல்லை எடுத்து வைத்தார். தராசு யோசித்தது. ஒத்துக்கொண்டது. அக்கா பட்டன் பொட்டலத்தை எடுத்து அதன் மேல் போட்டாள்.

இருநூற்றைம்பது. ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

"பட்டன்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்," என்றாள்.

"நான் கேட்கிறேன்."

"நீங்க என்னன்னு சொல்லிக் கேட்பீங்க?"

படியில் தம்பியின் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் சட்டென்று எழுந்தார்கள்.

"என்ன, ரெண்டு பேரும் ஹாரனை விடாம அடிக்கிறீங்க? மேல வரைக்கும் கேட்குது," என்றான் தம்பி, கதவைப் பிடித்துக்கொண்டு. தூங்கிய முகம் வீங்கியிருந்தது.

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"காரணம் தெரிஞ்சுடுச்சுடா," என்றாள். "சமையலறைத் தராசு கெட்டுப்போயிருக்கு. குறைச்சுக் காட்டியிருக்கு. நான் கூடுதலாச் சாப்பிட்டிருக்கேன்."

தம்பி நம்ப முடியாமல் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கதவிலேயே சாய்ந்துவிட்டான்.

"மாமா வீட்டுலயா? தராசா? ஐயோ அக்கா! டிரைவிங் ஸ்கூல் காரே மரத்துல மோதின மாதிரி! மாமா, கடைத்தெருவுல தெரிஞ்சா உங்க மானம் கப்பலேறிடும்!"

"ஆமா மச்சான்," என்றார் தராசுக்காரர்.

"சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சு," என்றாள் அக்கா. "இனிமே இறங்கும். நீ பாரு, குழு கூடுறதுக்குள்ள இறங்கும்."

தம்பியின் கண் கலங்கியது. சிரிப்பினால்தான் என்று காட்டிக்கொள்ள இன்னும் கொஞ்சம் சிரித்தான்.

"நல்ல நேரத்துலதான் தெரிஞ்சிருக்கு. இப்பதான் ஆஸ்பத்திரியிலேருந்து ஃபோன் பண்ணாங்க. நாளைக்குக் காலையில மாமாவைத் தனியா வரச் சொல்றாங்க. கொடுக்கிறவங்களோட வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விசாரிப்பாங்களாம். பெருசா ஒண்ணும் இல்ல. உங்களுக்கு மனப்பூர்வமாச் சம்மதமான்னு ஒரே ஒரு கேள்விதானாம். மாமாவுக்கு என்ன கஷ்டம்? கேட்டா, உள்ளதைச் சொல்லிட்டு வரப்போறார்!"

சுவரைப் பிடித்துக்கொண்டே அவன் மறுபடியும் மாடி ஏறினான். அவன் அறைக் கதவு சாத்துகிற சத்தம் வரும் வரை இருவரும் அசையவில்லை.

தராசுக்காரர் பித்தளைக் கற்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். அக்காவின் முந்தானை எங்கெல்லாம் பட்டிருந்ததோ அங்கெல்லாம் இரண்டு தடவை துடைத்தார்.

"நாளைக்குக் கேட்பாங்க," என்றாள் அக்கா. "மேடையையும் இல்ல, தராசையும் இல்ல. உங்களைக் கேட்பாங்க. என்ன சொல்லப் போறீங்க?"

கடைசிக் கல் அவர் கையிலேயே இருந்தது.

"முள் இன்னும் நிக்கலைம்மா," என்றார்.

அக்கா தராசைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"காலையிலேயே வரச் சொல்லியிருக்காங்க," என்றாள். "அதுக்குள்ள நிக்கட்டும்."